இருபத்து நான்கு மணி ஓட்டம் பார்க்கப் போவோமா?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது இளைஞர் பகுதியினர் சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கின்றனர். வழமையாக அவர்கள் கேட்பது திருக்கேதீச்சரத்துக்கோ கதிர்காமத்துக்கோ போய்வர ஒரு பஸ் வண்டி. இம்முறை கேட்பது கடல் கடந்த பயணம். 24 மணி நேரம் இடைவிடாது ஓடும் மோட்டார்ப் பந்தயம் ஒன்றைப் பார்த்துவர வேண்டும் என்கிறார்கள். இதைக் கேட்டுப் பெரியோர் சிலர் முகஞ் சுளித்தனர். "வண்டி ஓடுவதைப் பார்க்க விமானம் ஏற வேண்டுமா, தம்பி? வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நின்றாற் போதாதா?" என்று ஒருவர் பகிடியாகக் கேட்டார். பகிடியானாலும் அக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறாமற் பயணச்சீட்டைப் பற்றிப் பேசுதல் முறையன்று. ஆதலின், இப்பந்தயத்திற் பார்க்கத்தக்கது யாது என்பதை முதலிலும், போவதாயின் எவ்வாறு ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்பதைப் பின்னரும் கூற விரும்புகிறேன்.

பொதுவாகப் பந்தயம் என்றால், குறித்த தூரத்தை யார் விரைவில் ஓடி முடிப்பார் என்பதே கேள்வி. நெடுநேர ஓட்டத்தில் அது தலைகீழாகிறது. நேரம் குறிக்கப்பட்டிருக்கும், அந்நேரத்துள் யார் அதிக தூரம் ஓடுவார் என்பதே கேள்வி. பிரான்சு தேசத்து லெ மான் நகரில் இத்தகைய ஓட்டம் 1923ஆம் ஆண்டு மே மாதத்தில் நடைபெறத் தொடங்கிற்று. இன்று அது பெரும்பாலும் ஜூன் மாதத்திற் சனிக்கிழமை பிற்பகல் 4 மணிக்குத் தொடங்கி, ஞாயிறு 4 மணிக்கு முடிகிறது. ஒரு சுற்று 13.626 கிலோமீற்றர். அதிற் பெரும்பகுதி மற்ற நாட்களில் ஊரார் போய்வரும் பொதுத் தெருவே. ஒரு வண்டிக்கு மூன்று ஓட்டுநர். ஒருவர் ஓட்ட, ஒருவர் உறங்க, ஒருவர் ஆயத்தமாயிருப்பார். 2010ஆம் ஆண்டில் வென்ற வண்டி 397 சுற்றுக்களில் 5,410 கிலோமீற்றர் ஓடிற்று. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஆறு முறை போய்த் திரும்பி, ஏழாம் முறையும் போய்ச் சேர்ந்த தூரம் அது. அத்தனையும் ஒரே நாளில்!

இத்துணைத் தூரத்தை வேகம் மட்டும் கடந்துவிடாது. சில்லு மாற்றுவோன், எண்ணெய் ஊற்றுவோன், கணக்குப் பார்ப்போன், நள்ளிரவில் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்போன் ஆகிய அனைவரும் சேர்ந்தே வண்டியை ஓட்டுகின்றனர். இரவு இரண்டு மணிக்கு ஒரு சிற்றாணி தளர்ந்தாலும் முன்னணியில் நின்ற வண்டி பின்னடைந்து போகும். நாம் சிவராத்திரியில் நான்கு யாமமும் விழித்திருப்பவர்கள். முதல் யாமத்து உற்சாகம் எல்லோர்க்கும் வரும். மூன்றாம் யாமத்திலேதான் ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரியும் என்பது நாம் அறிந்த செய்தி. இவ்வோட்டமும் அத்தகையதே.

1969ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அக்காலத்தில் ஓட்டுநர்கள் வீதியின் ஒருபுறம் நின்று, கொடி அசைந்ததும் குறுக்கே ஓடிப்போய் வண்டியில் ஏறுவது வழக்கம். சில நொடிகளை மிச்சம் பிடிக்க, பாதுகாப்பு வாரைக் கட்டாமலே புறப்படுவோரும் இருந்தனர். இவ்வழக்கம் தவறென்று காட்ட விரும்பிய பெல்ஜிய நாட்டு இளைஞர் ஜாக்கி இக்ஸ், மற்றவர் ஓடத் தாம் நடந்தார். ஆறுதலாக ஏறி வாரைக் கட்டினார். எல்லோர்க்கும் பின்னாற் புறப்பட்டார். அன்று முதற் சுற்றிலேயே வேறொரு ஓட்டுநர் விபத்தில் உயிரிழந்தார். 24 மணி நேரம் கழிந்தபோது முதலாவதாக வந்தவர் இக்ஸ். இரண்டாவது வண்டிக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ 120 மீற்றர் தூரமே இருந்தது. மறு ஆண்டிலேயே அந்த ஓடி ஏறும் வழக்கம் ஒழிந்தது.

நம்மவருக்கும் இத்துறையிற் பங்குண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2009இல் லெ மானில் ஓடப் பதிவு பெற்றிருந்தார். ஓட்டந் தொடங்குமுன் தோள் மூட்டு விலகியதால் அவரால் ஓட முடியவில்லை. கூட்டாளிகள் இருவர் மட்டுமே 24 மணி நேரத்தையும் பகிர்ந்து ஓட்டி 7ஆம் இடம் பெற்றனர். 2012இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அங்கு ஓடி, தம் கூட்டாளிகளுடன் 6ஆம் இடத்தை அடைந்தார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி ஓட்டத்தில் நடிகர் அஜித்குமாரின் குழு கலந்துகொண்டதை இங்குள்ள இளைஞர் அனைவரும் அறிவர். பயிற்சியின்போது அவர் ஓட்டிய வண்டி தடுப்பில் மோதிச் சிதைந்தது. அதன்பின் அவர் தம் குழுவின் வண்டியை ஓட்டும் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். மற்றவர்கள் ஓட்டினர், குழு தன் பிரிவில் 3ஆம் இடம் பெற்றது. அவர் வண்டி ஓட்டியதைப் புகழ்வோர் பலர். தம் இடத்தை விட்டுக்கொடுத்ததையும் நம் இளைஞர் கவனித்தல் வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இனி, பெரியோரின் இரண்டு ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

முதலாவது: "2022ஆம் ஆண்டில் ஒரு போத்தல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாம், பெற்றோலை எரித்து விளையாடுவதைப் பார்க்கப் போகலாமா?" இந்த வலி உண்மையானது. ஆயினும் நெடுநேர ஓட்டத்தில் எண்ணெயை வீணாக்குவோன் வெல்வதில்லை. அடிக்கடி எண்ணெய் நிரப்ப நின்றால் நேரம் போகும். ஆதலாற் சிக்கனமே அங்கு வேகமாகிறது. 2022 முதல் லெ மானில் எரிக்கப்படுவது, திராட்சை மது வடித்தபின் எஞ்சும் சக்கையிலிருந்தும் மண்டியிலிருந்தும் செய்யப்பட்ட எரிபொருள். அன்றியும், அங்கு சோதிக்கப்படுவன பின்னர் நம் வீதிக்கு வருகின்றன. 1953இல் வென்ற ஜாகுவார் வண்டி தட்டு பிரேக்குகளோடு ஓடிற்று. இன்று நம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் கார்களிலும் அதே வகைப் பிரேக்கு இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் பெரிது: "பிள்ளைகளுக்கு ஏதும் நேர்ந்தால்?" இதை நான் மெல்லக் கடந்துபோக மாட்டேன். 2024 ஏப்ரல் 21ஆந் தேதி தியத்தலாவையில் நடந்த பந்தயத்தில் ஒரு வண்டி பாதையை விட்டு விலகி, ஓரத்தில் நின்றவர்கள்மேற் பாய்ந்தது. 7 பேர் மாண்டனர். ஒரு சிறுமியும் அவர்களுள் ஒருத்தி. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் வேடிக்கை பார்க்கப் போன குடும்பங்கள் அவை. லெ மானிலும் 1955 ஜூன் 11ஆந் தேதி ஒரு வண்டி தூக்கியெறியப்பட்டு மண்ணணையில் மோதிச் சிதற, அதன் பாகங்கள் கூட்டத்துட் பாய்ந்து 80க்கும் மேற்பட்ட பார்வையாளர் இறந்தனர். ஓட்டுநரும் இறந்தார். அன்று மக்களுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு மண்ணணைதான் இருந்தது. அதன்பின் அவ்விடத்தை இடித்து, வீதியை அகலப்படுத்தி, பார்வையாளரைப் பின்னுக்கு நகர்த்தினர். சுவிட்சர்லாந்து தன் நாட்டிற் சுற்றுப் பந்தயத்தையே தடை செய்தது.

இவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது, போகாதிருப்பதன்று. எங்கே நிற்பது என்பதே. ஆகவே மூன்று விதிகளைக் கூறுகிறேன். ஒன்று: வேலியும் தடுப்புச் சுவரும் இல்லாத இடத்தில், எத்தனை பேர் நின்றாலும், நம்மவர் நிற்கலாகாது. இரண்டு: வளைவின் வெளிப்புறத்தில் நிற்கலாகாது, கட்டுமீறிய வண்டி பெரும்பாலும் அப்பக்கமே போகும். மூன்று: படம் பிடிப்பதற்காக வேலிக்கு மேலாகவோ வெளியேயோ தலை நீட்டலாகாது. இவ்விதிகளை மீறுபவர், அவர் யாராயினும், அன்றே தங்குமிடம் திரும்புவார் என்று புறப்படுமுன்னரே கையொப்பம் வாங்குதல் வேண்டும். நம் நாட்டிலும் 1930களிலிருந்து மலையேற்றப் பந்தயம் நடந்துவந்த நுவரெலியா போன்ற இடங்களுக்குப் போவோர்க்கு இவ்விதிகள் இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

அடுத்தது, எங்கே போவது? இளைஞரின் உள்ளம் லெ மானில் இருக்கிறது. ஆயின் முதற் பயணம் துபாயாக இருக்கட்டும் என்பது என் யோசனை. அங்கு 24 மணி ஓட்டம் 2006 முதல் ஜனவரி மாதத்தில் நடந்துவருகிறது. ஜனவரியில் அங்கு வெயில் தணிந்திருக்கும். ஒரு சுற்று 5.39 கிலோமீற்றர். முழுவதும் பந்தயத்துக்கென்றே கட்டிய பாதையாதலால், ஓரிடத்தில் இருப்போர் ஒரே வண்டியை அடிக்கடி காணலாம். விமானப் பயணம் ஐந்து மணிக்குட்பட்டது. நம் உறவினர் பலர் அங்கு வேலை பார்க்கின்றனர். குறைந்த செலவில் ஓரிரவு விழித்திருந்து பழகுவதற்கு அது ஏற்ற இடம்.

அதில் ஒழுங்காக நடந்துகொண்ட குழு, அடுத்த படியாக லெ மான் போகட்டும். அதற்கு ஆயத்தம் ஓராண்டு முன்னரே தொடங்க வேண்டும். நுழைவுச்சீட்டுக்கு முந்துதல் முதல் வேலை; அண்மைய ஆண்டுகளில் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடும் இடம் அது. விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள்வரை பொறுத்திருத்தல் ஆகாது. 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதியும் அதற்கு வேண்டும். பாரிசில் இறங்கினால் லா சப்பல் என்னும் பகுதியில் நம்மவர் கடைகளும், சோறும் கறியும், சிறிது தொலைவில் 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு. அங்கே ஓரிரவு தங்கி, மறுநாள் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேகப் புகைவண்டியில் ஏறினால், ஏறக்குறைய 200 கிலோமீற்றரை ஒரு மணி நேரத்திற் கடந்து லெ மான் சேரலாம். அங்கிருந்து பந்தயத் திடல் வரை டிராம் வண்டி ஓடுகிறது.

பணத்துக்கு வழி? வட்டிக்கு வாங்கிப் போகும் பயணம் வேண்டாம். தாயின் நகையை அடகு வைத்துப் போகும் பயணம் வேண்டவே வேண்டாம். இரண்டாண்டுச் சீட்டு ஒன்றை இந்த மாதமே தொடங்குங்கள். மாதாமாதம் தவறாது கட்டுபவன் எவனோ அவனே நெடுந்தூர ஓட்டத்தைப் பார்க்கத் தகுதியுடையவன். கொட்டாஞ்சேனையிற் கடையில் நிற்கும் பையனும் வெள்ளவத்தையில் வங்கி உத்தியோகம் பார்க்கும் பையனும் ஒரே சங்கத்தின் பிள்ளைகள். ஆதலால், சீட்டில் ஒரு பங்கை, கட்ட இயலாத ஒருவனையேனும் அழைத்துச் செல்ல ஒதுக்குதல் வேண்டும். அவனை விட்டுவிட்டுப் போவது சங்கப் பயணம் ஆகாது.

பார்க்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். பன்னிருவர் போனால் நால்வராக மூன்று அணி பிரியுங்கள். ஓரணி உறங்கும்போது மற்றைய இரண்டும் விழித்திருக்கட்டும். காதுக்கு அடைப்பான், மழைச் சட்டை, தண்ணீர்ப் போத்தல், இரவுக் குளிருக்குக் கம்பளி ஆகியன ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும். மரக்கறி உண்போர் பாணும் பழமும் கையிற் கொண்டுசெல்வது புத்தி. எல்லா வண்டியையும் பார்க்க முனைந்தால் ஒன்றும் விளங்காது. ஒவ்வோரணியும் ஒரு வண்டியைத் தெரிந்துகொண்டு, அது எத்தனை தரம் நின்றது, எதற்காக நின்றது, ஓட்டுநர் எப்போது மாறினர் என்று கொப்பியிற் குறித்து, அடுத்த அணியிடம் ஒப்படைக்கட்டும். அக்குறிப்புக்கள் அடுத்த ஆண்டு மலரிற் கட்டுரையாக வருமாயின், போகாதவர்க்கும் பயன் கிட்டும்.

இவ்வளவும் செய்ய இயலுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு பரீட்சை சொல்கிறேன். லெ மானிற் பிற்பகல் 4 மணி என்றால் நமக்கு இரவு 7.30 மணி. அடுத்த ஜூனில் நமது சங்க மண்டபத்தில் ஒரு திரை கட்டி, அன்று இரவு 7.30 முதல் மறுநாள் 7.30 வரை அணி அணியாக விழித்திருந்து, குறிப்பெழுதி, மண்டபத்தைத் துப்புரவாக்கி ஒப்படையுங்கள். செலவு தேநீருக்கு மட்டுமே. பெரியோரும் வந்து ஒரு யாமமாவது உடனிருக்க வேண்டும். அந்த இரவை ஒழுங்காகக் கடக்கும் பிள்ளைகளுக்குத் துபாய் போகும் அனுமதியைச் சங்கம் மறுத்தலாகாது. கடக்காதவர்கள் அடுத்த ஆண்டு மீண்டும் முயலட்டும்.

இந்த யோசனையைச் செயற்குழு ஆராய்ந்து முடிவு செய்யும்படி வேண்டுகிறேன்.