முதல் வருமானத்தில் நம் காசு எவ்வளவு?

(பொன்விழாவையொட்டிய தொழில்முனைவோர் கலந்துரையாடலில் ஆற்றிய உரை)



தொழிலில் வென்ற கதைகளை இந்த மேடையில் கேட்டோம். நாங்கள் சொல்ல வந்தது ஒரு கணக்குப் பிழை.

நாங்கள் மூவர். அண்ணன் தம்பி இருவர், பலதுறைத் தொழிற்கல்லூரியில் உடன்படித்த நண்பர் ஒருவர். வாப்பாவின் மளிகை மொத்த வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டே, சில்லறைக் கடைகளின் சரக்கிருப்பையும் கடன் பாக்கியையும் கைப்பேசியில் காட்டும் மென்பொருள் ஒன்றைச் செய்தோம். மாதச் சந்தா 60 வெள்ளி. ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 600. முதல் மாதமே 14 கடைகள் ஆண்டுச் சந்தா கட்டின. 8,400 வெள்ளி! அன்று வீட்டில் நெய்ச்சோறு. உறவினர் எல்லாருக்கும் தொலைபேசியில் சொன்னோம்.

வாப்பா மட்டும் கேட்டார்கள்: "இதிலே உங்க காசு எவ்வளவு?"

அப்போது எங்களுக்கு அது புரியவில்லை. வாப்பா முன்பணத்தைக் கல்லாவில் போடமாட்டார்கள். கொடுத்தவர் பெயரைத் தாளில் எழுதிச் சுற்றி, பால்மாவு டின்னில் வைப்பார்கள். சரக்கு கைமாறும்வரை அது அமானிதம் என்பார்கள். அதே கணக்கைப் போட்டால், கடைக்கு மாதம் 50 வெள்ளி வீதம் அந்த மாதம் எங்களுக்குச் சொந்தமானது 700 வெள்ளிதான். மீதி 7,700 வெள்ளிக்கு நாங்கள் இனிமேல்தான் வேலை செய்ய வேண்டும்.

அந்த 700லும் செலவு இருந்தது. கடன் அட்டையில் பணம் வாங்கியதற்கு 3.4 விழுக்காடும், ஒவ்வொரு முறைக்கும் 50 காசும் பிடித்தார்கள். 14 கடைகளுக்கு 292 வெள்ளி 60 காசு. சர்வர் வாடகை மாதம் 180 வெள்ளி.

பெரிய செலவை நாங்கள் எழுதவே இல்லை. மென்பொருளைக் கொடுத்தால் மட்டும் போதவில்லை. ஒவ்வொரு கடையிலும் மஞ்சள்தூள் முதல் ஊதுபத்திவரை எல்லாச் சாமான்களின் பெயரையும் விலையையும் நாங்களே உட்கார்ந்து பதிந்தோம். கடைக்கு 20 மணி நேரம். 14 கடைகளுக்கு 280 மணி நேரம். சம்பளம் எடுக்காததால் செலவே இல்லை என்று பெருமை பேசினோம். ஆனால் நாங்கள் இல்லாத நேரத்துக்கு வாப்பா மணிக்கு 12 வெள்ளிக்கு ஆள் வைத்தார்கள். சம்பளம் 3,360 வெள்ளி. முதலாளி கட்டும் மத்திய சேமநிதி 17 விழுக்காட்டையும் சேர்த்தால் 3,930ஐத் தாண்டியது. எங்கள் ஐந்தரை மாத வருமானம் அது!

ஐந்து மாதம் முடிந்ததும் இரண்டு கடைகள் விலகின. ஒருவர் முதுமையால் கடையை மூடினார். "தம்பி, மீதிக் காசு கிடைக்குமா?" என்று தயங்கிக் கேட்டார். ஏழு மாதத்துக்கு 350 வெள்ளி. இருவருக்கும் சேர்த்து 700. எங்கள் கணக்கில் 200கூட இல்லை. வாப்பாவிடம் கைநீட்டி வாங்கித்தான் கொடுத்தோம். வாப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. டின்னைத் திறந்து எண்ணிக் கொடுத்தார்கள்.

பிறகு மற்றக் கடைகளுக்குப் போய், உண்மையில் பயன்படுகிறதா என்று கேட்டோம். "உங்க வாப்பா முகத்துக்காகக் கட்டினோம்" என்றார்கள் சிலர். அந்த வருமானத்தில் வாப்பா நாற்பது ஆண்டு சேர்த்த நாணயமும் செலவாகியிருந்தது.

இன்று மாதச் சந்தா மட்டும் வாங்குகிறோம். சாமான் பதியும் வேலைக்குத் தனியாக 280 வெள்ளி. இதைக் கேட்டு விலகியவர்கள் உண்டு. இருப்பவை 11 கடைகள்தாம். ஆனால் தேவைப்பட்டு வாங்கியவர்கள். அல்ஹம்துலில்லாஹ், மூவரும் சிறு சம்பளம் எடுக்கிறோம்.

தொழில் தொடங்கும் தம்பி தங்கைகளே, முதல் பணம் வரும் நாளில் மகிழுங்கள். அன்றிரவே மூன்று வரி எழுதிவையுங்கள்: இதில் அமானிதம் எவ்வளவு, நம் உழைப்பின் கூலி எவ்வளவு, நமக்காக வீட்டில் யார் சுமக்கிறார்கள். இம்மூன்றும் போக மிஞ்சுவதே வருமானம்.