காணிப்பாக்கத்துச் சத்தியமும் மின்பணியாளர் கையொப்பமும்

சித்தூர்ச் சீமையில் இருவருக்கிடையே வழக்கு முற்றிவிட்டால், “காணிப்பாக்கத்துக்கு வருகிறாயா?” என்று ஒருவர் மற்றவரைக் கேட்பதுண்டு. அவ்வூர் வரசித்தி விநாயகரின் திருக்குளத்தில் நீராடி, அவர் முன்னிலையில் சத்தியம் செய்தால் வழக்குத் தீர்ந்தது என்பது அப்பகுதி மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சிப் பாதி வழியிலேயே சமாதானம் பேசித் திரும்பியவர் பலர் என்றும் சொல்வார்கள். சித்தூர் நகரிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூரின் பெயர் தமிழ்ச் செவிக்கு அந்நியமானதன்று. காணி என்பது நிலம். பாக்கம் என்பது ஊர்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு ஒரு வகைச் சத்தியத்தைப் பற்றியது. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு மின் இணைப்புக் கேட்கும்போது, உரிமம் பெற்ற ஒருவர் ஒரு தாளில் கையொப்பமிடுகிறார். “இவ்வீட்டின் கம்பிகளைச் சோதித்தேன், மின் தடை போதிய அளவு இருக்கிறது, எர்த் சரியாக இருக்கிறது” என்பது அதன் சாரம். அதற்கு நீராடலும் இல்லை, தேங்காய் உடைத்தலும் இல்லை. ஆனால், அந்தக் கையொப்பம் பொய்யானால் விளைவை அனுபவிப்பவர் கையொப்பமிட்டவர் அல்லர். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் அவ்வீட்டுக் குழந்தையே அனுபவிக்கிறது.

இந்தக் கையொப்பத்துக்கு உரியவர் யார் என்பதை நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலமாகவே வரையறுத்து வந்திருக்கிறது. 1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 1956ஆம் ஆண்டு விதிகளில் 45ஆவது விதி இதைத் தெளிவாகக் கூறிற்று. மின் அமைப்பு வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்தல் வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரில் கண்காணித்தல் வேண்டும். கம்பியில் கை வைப்பவரும் அனுமதிச் சீட்டு உடையவராயிருத்தல் வேண்டும். விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றில் பழுதானதை எடுத்துவிட்டு அதே அளவிலான மற்றொன்றைப் பொருத்துவதற்கு மட்டும் விலக்கு உண்டு. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன்பின் மத்திய மின்சார ஆணையம் 2010இலும், மீண்டும் 2023இலும் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. பெயர்கள் மாறினவேயன்றி, உரிமம் இன்றி மின் வேலை கூடாது என்ற கொள்கை மாறவில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்கள் இங்கே ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்: ‘மாநில அரசின்’ உரிமம். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுக்கும் சான்று தமிழ்நாட்டு அரசின் சான்று. ஆந்திரத்தில் அதற்கென மின் பாதுகாப்புத் துறை இருக்கிறது. கர்நாடகத்தில் மின் ஆய்வுத் துறை இருக்கிறது. கேரளத்துக்குத் தனி வாரியம் உண்டு. காட்பாடியில் ரயிலேறினால் சித்தூர், பாகாலை, திருப்பதி என்று வண்டி வழக்கம்போல் ஓடுகிறது. உரிமச் சீட்டு எல்லையில் நின்றுவிடுகிறது!

இந்த எல்லையின் கதையும் சற்று வேடிக்கையானதே. வட ஆர்க்காட்டிலிருந்த பல பகுதிகளையும் கடப்பைப் பகுதிகளையும் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டாக்கப்பட்டது. அப்போது எல்லாம் சென்னை மாகாணமே. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனுடன் போயிற்று. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. மக்கள் குடிபெயரவில்லை, மாநிலமே அவர்கள் தலைக்கு மேல் இடம் மாறிற்று. இன்றும் வேலூர்ப் பக்கத்தில் தொழில் கற்ற தமிழ்ப் பிள்ளை சித்தூரில் மாமன் வீட்டில் தங்கி வேலை பார்ப்பது சாதாரணச் செய்தி. அவருடைய கைத்திறன் இரு பக்கத்துக்கும் பொது. அவருடைய சான்றிதழ் அப்படியன்று. எந்த மாநிலத்தில் வேலை செய்கிறாரோ அந்த மாநிலத்து மின் ஆய்வாளர் அலுவலகத்தில் அதைக் காட்டி, ஏற்பார்களா, மேற்குறிப்பு எழுதித் தருவார்களா, புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுத் தெளிவது நல்லது. தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு படித்துப் பெற்ற சான்றே போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது உரிமம் கேட்பதற்கான தகுதி, உரிமம் ஆகாது.

உரிமம் கிடைத்தபின் வருவது புதுப்பித்தல். ஒவ்வோர் உரிமத்துக்கும் ஒரு கெடு உண்டு. கெடுவின் நீளமும் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கெடுவுக்கு முன் படிவத்தை நிரப்பிப் பணம் கட்டினால், பெரும்பாலும் அத்துடன் காரியம் முடிந்துவிடுகிறது. நம் மனத்துக்கு ஒவ்வாதது இதுவே. கெடு நீண்டதென்று அச்சுத்தாள் சொல்கிறது. அதற்குரியவர் இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன கற்றார் என்று யாரும் கேட்பதில்லை. இதைவிடக் கேடான வழக்கம் ஒன்றும் இருக்கிறது. தொழிலில் உள்ளவர் எவரும் அதை அறியாதவரல்லர். கம்பி இழுத்தவர் ஒருவர், கையொப்பமிடுபவர் மற்றொருவர். பின்னவர் அந்த வீட்டு வாசற்படியைக்கூட மிதித்திருக்கமாட்டார். உரிமச் சீட்டைக் குடை போல் இரவல் கொடுக்கிறார், அவ்வளவுதான். காணிப்பாக்கத்தில் இவரைச் சத்தியம் செய்யச் சொன்னால் குளத்தங்கரைவரை வருவாரா என்பது ஐயமே.

கற்க வேண்டியது அப்படி என்ன இருக்கிறது, கம்பி கம்பிதானே என்று கேட்பவர்களுக்காக ஒன்றிரண்டு செய்திகளைச் சற்று விரிவாகச் சொல்வோம்.

ஃபியூஸ் இருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை என்பது முந்தைய தலைமுறை மின்பணியாளர் பலரின் நம்பிக்கை. இது தவறு. ஃபியூஸ் காப்பது கம்பியை, மனிதனை அன்று. 5 ஆம்பியர் ஃபியூஸ் உருகுவதற்கு 5 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் வேண்டும். 5 ஆம்பியர் என்பது 5000 மில்லி ஆம்பியர். மனித இதயத்தின் துடிப்பைத் தாறுமாறாக்க அதில் நூற்றில் இரண்டு மூன்று பங்கே போதும். ஆகவே ஒருவர் மின்சாரத்தில் சிக்கி உயிர் விடும்போதும் ஃபியூஸ் ஒன்றும் அறியாததுபோல் இருக்கும். இக்குறையைத் தீர்க்க வந்ததுதான் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காப்பு விசை. பேஸ் கம்பி வழியே சென்ற மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்பியதும் சமமா என்று அது இடைவிடாது ஒப்பிட்டுப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யாரோ ஒருவர் உடல் வழியாகவோ சுவரின் ஈரம் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று கொண்டு, நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் 5 கிலோவாட் அளவு மின்சுமையுள்ள அமைப்புகளுக்கு இது கட்டாயமாயிருந்தது. சிறிய வீடுகளுக்கும் இது வேண்டும் என்பதே நம் கருத்து.

இனி நடப்பதைப் பாருங்கள். பழைய வீட்டில் வரவேற்பறையின் விளக்குக்குச் சமையலறை வரிசையின் நியூட்ரலை இரவல் வாங்கி யாரோ இணைத்திருப்பார்கள். முன்பு அதனால் வெளிப்படையான தொல்லை எதுவும் இல்லை. அவ்வரிசைகளுள் ஒன்றுக்கு ஆர்.சி.சி.பி. பொருத்தியதும் விளக்கைப் போடும்போதெல்லாம் அது விழுகிறது. போனதும் திரும்பியதும் அதன் கணக்கில் பொருந்தவில்லையல்லவா? கற்றவர் இரவல் நியூட்ரலைத் தேடிப் பிரிப்பார். கல்லாதவர், “இந்தப் பெட்டி சரியில்லை ஐயா” என்று காப்பு விசையையே கழற்றிவிடுவார். வீட்டுக்காரரும் தொல்லை நீங்கியதென்று நன்றி சொல்லிக் கூலி கொடுப்பார்! இருவர் கையிலும் செல்லுபடியாகும் உரிமம் இருக்கக்கூடும். சீட்டைப் பார்த்து அவர்களை வேறுபடுத்த இயலாது.

மற்றொரு செய்தி கூரை மேல் இருக்கிறது. 2024இல் மத்திய அரசு வீட்டுக் கூரைச் சூரிய மின் திட்டத்தை அறிவித்தபின் ஊர்தோறும் சூரியத் தகடுகள் ஏறி வருகின்றன. மின் வேலைக்கு முன் மெயின் சுவிட்சை அணைப்பது ஒவ்வொரு மின்பணியாளரும் முதல் நாளில் கற்ற பாடம். இங்கே அப்பாடம் முழுமையன்று. ஒரு தகட்டில் ஏறத்தாழ 40 வோல்ட் பிறக்கிறது. பத்துத் தகடுகளை வரிசையாகக் கோத்தால் 400 வோல்ட். கீழே மெயினை அணைத்தாலும் வெயில் உள்ளவரை மேலே அக்கம்பிகள் உயிருடனேயே இருக்கும். அன்றியும் அது நேர் மின்னோட்டம். நம் வீட்டு மாறு மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சூனியத்தைத் தொட்டு எழுவதால், சுவிட்சில் எழும் தீப்பொறி தானே அவிந்துவிடுகிறது. நேர் மின்னோட்டத்துக்கு அந்த ஓய்வு இல்லை. பொறி நீண்டு நின்று எரியும். வீட்டு விளக்குச் சுவிட்சைச் சூரியத் தகட்டு வரிசையில் பொருத்துவது தீயை விருந்துக்கு அழைப்பதாகும். இருபது ஆண்டுகளுக்கு முன் தேர்வு எழுதிய ஒருவர் இதைக் கற்றிருக்க வாய்ப்பேது? அது அவர் குற்றமன்று. அவருக்குச் சொல்ல ஏற்பாடு செய்யாதவர் குற்றம்.

அமெரிக்க நாட்டில் மின் அமைப்பு நெறித் தொகுப்பு 1897இல் முதலில் வெளிவந்தது. இப்போது மூன்றாண்டுக்கு ஒரு முறை திருத்தப்படுகிறது. அதை ஒட்டிப் பல மாநிலங்கள் உரிமம் புதுப்பிக்கத் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. டெக்சாஸ் மாநிலத்தில் ஆண்டுக்கு 4 மணி நேரம். மின்னசோட்டாவில் இரண்டாண்டுக்கு 16 மணி நேரம். எல்லா மாநிலங்களும் ஒரே அளவு கேட்பதில்லை. சில கேட்பதே இல்லை. நான்கு மணி நேரத்தில் ஒருவர் என்ன கற்றுவிடுவார் என்று நகைப்போரும் உண்டு. இரவல் நியூட்ரலைக் கண்டுபிடிக்கும் முறையைக் கற்க ஒரு மணி நேரம் போதும் என்பது நம் விடை. நம் நாட்டிலோ தேசிய மின் நெறித் தொகுப்பு 1985இல் வெளிவந்து, 2011இல் திருத்தப்பட்டு, மீண்டும் 2023இல் புதுப்பிக்கப்பட்டது. நூல் புதுப்பிக்கப்பட்டது, அதைக் கையாளவேண்டியவரிடம் அது போய்ச் சேர வழி செய்யப்படவில்லை. அது ஆங்கிலத்தில் தடித்த புத்தகமாக இருக்கிறது. சித்தூரில் ஏணி மேல் நிற்பவருக்குத் தமிழும் தெலுங்கும் தெரியும்.

திருவிழாக்காலத்தில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகிறது. காணிப்பாக்கத்தில் பிள்ளையார் சதுர்த்தியன்று தொடங்கும் பிரம்மோற்சவம் மூன்று வாரம் நடைபெறுகிறது. இத்தகைய விழாவில் பந்தல்கள், சரவிளக்குகள், ஜெனரேட்டர்கள், மழையில் நனையும் தற்காலிகக் கம்பிகள் எல்லாம் ஒன்று சேர்கின்றன. தற்காலிகம் என்பதற்காக மின்சாரம் சலுகை காட்டுவதில்லை. தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27ஆம் நாள் விடியற்காலையில் அப்பர் விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு, சிறுவர் உட்பட 11 பேர் மாண்டனர். 1956ஆம் ஆண்டு விதிகளின்படித் தெருவைக் குறுக்கே கடக்கும் உயர் அழுத்தக் கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டருக்குக் குறையாத உயரத்திலும், தெருவோடு செல்வது 5.8 மீட்டருக்குக் குறையாத உயரத்திலும் இருத்தல் வேண்டும். தேரை அலங்கரிப்பவர் இவ்வெண்களை அறிந்து, அலங்காரத்தின் உச்சியைக் கயிற்றால் அளந்து, வீதியில் மின்சாரத்தை நிறுத்தும்படி முன்கூட்டியே எழுதிக் கேட்டல் வேண்டும். இவை ஒரு பிற்பகல் வகுப்பில் சொல்லித்தரக் கூடியவை.

ஆகவே நாம் வேண்டுவது பெரிதன்று. புதுப்பித்தலுக்கு வருபவரைக் கட்டணச் சீட்டுடன் அனுப்பிவிடாமல், ஒரு நாள் அமர்த்தி, அவர் அறிந்த மொழியில், கருவியைக் கையில் கொடுத்துப் பாடம் நடத்துதல் வேண்டும். பாகாலையில் வேலை செய்பவருக்குத் தெலுங்கில், தமிழ் மட்டும் படித்தவருக்குத் தமிழில். தினக்கூலியை நம்பி வாழ்பவருக்கு அந்த ஒரு நாள் நஷ்டம் பெரிது. ஆகையால் அன்றைய கூலியையும் ஈடு செய்தல் நியாயமே. தேர்வு வைத்துத் தள்ளுவதற்கன்று அந்நாள்.

அரசு செய்யும் வரை நேயர்கள் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டுக்கு மின் வேலைக்கு வருபவரிடம் உரிமச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல தொழிலாளி வருந்தமாட்டார். அதில் பெயரும் படமும் அவருடையவைதாமா, கெடு தேதி கடக்கவில்லையா, எந்த மாநிலம் கொடுத்தது என்று பாருங்கள். வேலை முடிந்ததும் மெக்கர் கருவியால் உங்கள் முன்னிலையிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் நேர் மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் கொடுத்தால், உயிர்க் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது ஒரு மெகோம், அதாவது பத்து லட்சம் ஓம், தடை காட்ட வேண்டும். அந்த எண்ணைத் தாளில் எழுதி, சோதித்தவரே கையொப்பமிட்டுக் கொடுக்கட்டும். அத்தாளின் ஒரு பிரதியை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மின்பணி செய்யும் நேயர்கள், கெடு முடிய மூன்று மாதத்துக்கு முன்பே பழைய சீட்டு, கல்விச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இப்போது வேலை செய்யும் மாநிலத்து மின் ஆய்வாளர் அலுவலகத்தை அணுகுங்கள். ஊரிலுள்ள பழைய முகவரிக்குப் போகும் அறிவிப்பு உங்களை எட்டாது. புதிய முகவரியையும் அன்றே பதிவு செய்துவிடுங்கள்.