நார் சேகரித்த மக்களும் ஒரு சட்டச் சொல்லும்



இன்று டஸ்கரோரா என்ற மக்களைப் பற்றிப் பேசுகிறேன். அமெரிக்கப் பூர்வகுடிகள். இந்தப் பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். சட்டம் படிக்கும் வரை நானும் கேட்டதில்லை.

டஸ்கரோரா என்பது வெள்ளைக்காரன் வாயில் திரிந்து வந்த பெயர். அவர்கள் தங்களை அழைத்துக்கொள்வது ஏறக்குறைய 'ஸ்கரூரெ' என்று. நார்ச்செடி சேகரிப்பவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். சட்டை அணிந்தவர்கள் என்போரும் உண்டு. (கஞ்சாச் செடி என்று நினைத்துவிடாதீர்கள்! கயிறு திரிக்க நார் கொடுக்கும் காட்டுச் செடி அது.) முதல் பொருள்தான் எனக்குப் பிடிக்கும். செய்த வேலையே பெயராக நின்றிருக்கிறது, பாருங்கள்.

வட கெரோலினா அவர்கள் மண். குடியேறிகள் நிலத்தைப் பிடுங்கினார்கள், ஆட்களைப் பிடித்து அடிமைகளாக விற்றார்கள். 1711-இல் போர் வெடித்தது. 1713 மார்ச்சில் நியோஹெரோகா கோட்டை விழுந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், நூற்றுக்கணக்கானோர் அடிமைகளானார்கள். எஞ்சியவர்களில் பலர் வடக்கே போனார்கள். மொழியால் உறவான ஐந்து இரோக்குவா இனங்களின் கூட்டமைப்பு அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 1722 வாக்கில் ஐந்து, ஆறானது.

இனிமேல்தான் கவனமாகக் கேளுங்கள். பழைய நிலத்தை விற்ற பணத்தைக் கொண்டு, 1804-இல் நயாகரா அருகே 4,329 ஏக்கரைச் சொந்தமாக வாங்கினார்கள். தானம் இல்லை, அரசு கொடுத்ததும் இல்லை.

1950-களில் நியூயார்க் மாநில மின்சார வாரியம் நீர்த்தேக்கத்திற்காக அதில் 1,383 ஏக்கர் கேட்டது. 1958-இல் நிலம் அளக்க வந்தவர்களை ஆண்களும் பெண்களும் நின்று மறித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 'ஒதுக்கப்பட்ட நிலத்தை' எடுத்தால் அதன் நோக்கம் கெடக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. எடுத்தால் கெடும் என்று மத்திய மின்சார ஆணையமே ஒப்புக்கொண்டிருந்தது. பிறகு எப்படித் தோற்றார்கள்?

அந்தச் சொல்லில்தான் தோற்றார்கள். சட்டத்தில் 'ஒதுக்கப்பட்ட நிலம்' என்றால் மத்திய அரசுக்கு உரிமை உள்ள நிலம் மட்டுமே என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். இதுவோ டஸ்கரோராக்களின் சொந்த நிலம். ஆகவே பாதுகாப்பு இல்லை! சொந்தக் காசில் வாங்கியதே குற்றமாகிப் போனது. நான் எத்தனையோ தீர்ப்புகளைப் படித்திருக்கிறேன். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1960 மார்ச் 7-ஆம் நாள் தீர்ப்பு. ஆறு பேர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். பெரிய நாடுகள் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்று நீதிபதி ஹியூகோ பிளாக் மாறுபட்டு எழுதினார். எழுதி என்ன பயன்? கடைசியில் எடுத்தது சுமார் 550 ஏக்கர். அங்கே இன்றும் நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே, மிச்ச நிலத்தில், ஸ்கரூரெ மக்களும் இருக்கிறார்கள்.