குழந்தைக்குரிய ஆசனம்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இலக்கியமும் சமயமும் கேட்டுப் பழகிய இச்சபையில், மோட்டார் வண்டியின் ஆசனப் பட்டியைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது உங்களுக்கு வியப்பாயிருத்தல் கூடும். இரண்டு அங்குல அகலமான நாடா அது. அதைப்பற்றி இருபது நிமிடம் பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்றும் நீங்கள் எண்ணலாம். ஆயினும் ஒரு குழந்தை உயிரோடு வீடு திரும்புவதும் திரும்பாமற் போவதும் சில வேளைகளில் அந்த நாடாவிலேயே தங்கியிருக்கின்றன. எனவே சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகின்றேன்.

நான் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயில்பவன். ஆதலால் முதலில் ஒரு சிறு கணக்கைச் சொல்ல அனுமதியுங்கள். ஓடும் வண்டிக்குள் அமைதியாக வீற்றிருப்பவரும் உண்மையில் அவ்வண்டியின் வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கின்றார். வண்டி திடீரென நின்றால், அவர் உடல் நிற்பதில்லை. ஏதாவதொன்று தடுக்கும்வரை அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்கின்றது. தடுப்பது பட்டியாயின் நன்று. முன்கண்ணாடியோ, முன்னாசனத்தின் முதுகோ, இன்னொருவருடைய தலையோ ஆயின் அதுவே விபத்து.

மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது நம் வீதிகளிற் சாதாரணமான வேகம். அது ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர். அவ்வேகத்தில் ஒரு சுவரில் மோதுதல், ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்திலிருந்து, அஃதாவது மூன்று மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து, நிலத்தில் வீழ்வதற்குச் சமம். மோதிய வண்டி ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகின்றதென வைத்துக்கொள்வோம். அந்நேரத்தில் 10 கிலோகிராம் நிறையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்துவதற்கு, ஏறக்குறைய 140 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும் பலம் வேண்டும். அரிசி மூடை ஒன்று 50 கிலோ. ஏறக்குறைய மூன்று மூடைகளை, எவ்வித முன்னறிவிப்புமின்றி, இரு கைகளால் ஏந்தவல்ல தாய் யார்? தந்தை யார்? குழந்தை கையைவிட்டுப் போகின்றதென்றால், அன்பு குறைந்ததனால் அன்று. கை மனிதருடைய கை என்பதனால்.

இதனிலும் கொடியது ஒன்று உண்டு. குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் தானும் பட்டி அணியாதவளாயின், 60 கிலோகிராம் நிறையுள்ள அவள் உடலும் முன்னோக்கிச் செல்கின்றது. அவளுக்கும் முன்னாசனத்துக்கும் இடையில் அகப்படுவது குழந்தை. காப்பதற்கென்று அணைத்த உடலே நசுக்கும் பாரமாகிவிடுகின்றது. தாயும் குழந்தையும் ஒரே பட்டியைச் சுற்றிக்கொள்வதும் இத்தகையதே. பட்டிக்கும் தாயின் உடலுக்கும் இடையிற் குழந்தை நெரிபடும். ஒரு பட்டி ஒருவருக்கே உரியது.

இவ்வுண்மைகள் நமக்குத் தெரிந்தவிதமும் சுவையானது. அமெரிக்க விமானப் படையில் ஜோன் போல் ஸ்ராப் என்றொரு வைத்தியர் இருந்தார். மனித உடல் எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்பதை அறிய, அவர் வேறொருவரை அனுப்பாது தாமே றொக்கெற் பூட்டிய வண்டியில் ஏறினார். 1954 டிசம்பரில் அவ்வண்டி மணிக்கு 1000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தை அடைந்து, ஒன்றரைச் செக்கனுக்குள் நின்றது. அவர் உயிர் பிழைத்தார். 1999 இல் தமது 89ஆவது வயதிலேயே காலமானார். வேகம் மனிதனைக் கொல்வதில்லை, கட்டப்படாத உடல் நிறுத்தப்படும் விதமே கொல்கின்றது என்பதை அவர் தம் உடலாற் காட்டினார்.

அதற்கு ஐந்தாண்டுகளின் பின், 1959 இல், சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நீல்ஸ் போலின் இன்று நாம் காணும் மூன்று முனைப் பட்டியை ஆக்கினார். அதற்கு முன் அவர் போர் விமானங்களிலிருந்து விமானியை வெளியே எறியும் ஆசனங்களை அமைத்தவர். முன்பிருந்த பட்டிகளுட் பல இடுப்பை மட்டும் சுற்றின; மோதும்போது உடலின் மேற்பாதி மடிந்து முன்னே சென்றது. போலினுடைய பட்டி இடுப்பெலும்பையும் மார்பையும் ஒருங்கே பிடித்தது. ஒரு கையாற் பூட்டவும் எளிதாயிருந்தது. அந்நிறுவனம் அதன் உரிமையைத் தனக்கென்று பூட்டி வைக்காது, மற்றைய நிறுவனங்களும் பயன்படுத்த விட்டது. அதனாலன்றோ, எந்த நாட்டு வண்டியிலும் இன்று அதே பட்டியைக் காண்கின்றோம்.

குழந்தைக்குரிய ஆசனத்தின் கதையும் சுவீடனையே சாரும். 1964 இல் பெர்ட்டில் அல்ட்மன் என்பார் வண்டியின் பின்புறத்தை நோக்கி அமரும் குழந்தை ஆசனத்தை முதன்முதல் அமைத்துப் பார்த்தார். விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்தபடியே மேலே செல்வதைக் கண்டே அவருக்கு அவ்வெண்ணம் உதித்தது. அதன் நுட்பம் இதுதான்: பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு, கழுத்தோ இன்னும் முற்றாத குருத்தெலும்பு. முன்னோக்கி அமர்ந்திருக்கையில் வண்டி மோதினால், அந்தப் பெரிய தலை முழுவதும் அந்தச் சிறிய கழுத்தில் இழுபடும். பின்னோக்கி அமர்ந்திருந்தாலோ தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஆசனத்தின் முதுகே ஒருசேரத் தாங்கிக்கொள்கின்றது. சுவீடனிற் பல பெற்றார் நாலு வயதுவரை குழந்தையைப் பின்னோக்கியே அமர்த்துகின்றனர்.

இதனாற் பயன் உண்டோ என வினவுவோர்க்கு விடை உண்டு. அமெரிக்க வீதிப் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி, கார்களிற் சரியாகப் பூட்டப்பட்ட ஆசனம் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் உயிராபத்தை நூற்றுக்கு 71 பங்கும், ஒன்று முதல் நாலு வயதுவரை உள்ள குழந்தையின் உயிராபத்தை நூற்றுக்கு 54 பங்கும் குறைக்கின்றது. முன்னாசனத்தில் இருக்கும் வளர்ந்தோரின் உயிராபத்தைப் பட்டி ஏறக்குறைய அரைவாசியாகக் குறைக்கும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இத்துணை மலிவாக இத்துணை உயிர்களைக் காக்கும் மருந்து வேறெத்தனை உண்டு?

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970 இலேயே பட்டி அணிதலைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவில் முன்னாசனத்தாருக்கு 1983 இற் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2011 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி சாரதியையும் முன்னாசனத்தில் இருப்பவரையும் குறித்தது. அதனால் நம்மவர் மனத்தில் ஒரு தவறான எண்ணம் வேரூன்றிவிட்டது: பட்டி என்பது பொலிசாருக்காக அணிவது, பின்னாசனத்திற் பொலிசார் பார்ப்பதில்லை, ஆகவே பின்னாசனத்தில் அது வேண்டியதில்லை. சபையோர்களே, அவ்விதி முன்னாசனத்தோடு நின்றிருக்கலாம், பௌதிகம் நிற்பதில்லை. பின்னால் கட்டப்படாது இருப்பவர் மோதும்போது முன்னால் இருப்பவரையும் சேர்த்து நசுக்குகின்றார்.

இன்னொரு விந்தையையும் கூறவேண்டும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் உறவினர் அங்கே குழந்தையை ஆசனத்திற் பூட்டாது வண்டியை எடுப்பதில்லை. அவர்களே விடுமுறைக்கு ஊருக்கு வந்து, கட்டுநாயக்காவில் வானில் ஏறியதும், அதே குழந்தையை மடியில் வைத்துக்கொள்கின்றனர். இரவு முழுவதும் ஓட்டம், சாரதிக்கும் நித்திரை, குழந்தையோ அம்மம்மாவின் மடியில். நாடு மாறியதும் குழந்தையின் கழுத்து கெட்டியாகிவிடுமோ?

இனி, செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன். வளர்ந்தோர் பட்டியின் கீழ்ப்பகுதியை வயிற்றின்மேல் அன்று, இடுப்பெலும்பின்மேல் தாழ்வாகப் படியவைத்தல் வேண்டும். மேற்பகுதி தோளின் நடுவாகவும் மார்பின் குறுக்காகவும் வருதல் வேண்டும்; உறுத்துகின்றதென்று அக்குளுக்குக் கீழே விடலாகாது. கருவுற்ற தாய்மாரும் பட்டி அணிதல் வேண்டும். கீழ்ப்பகுதி வயிற்றுக்குக் கீழேயும் மேற்பகுதி மார்பகங்களின் நடுவேயும் செல்லட்டும்.

குழந்தை ஆசனத்தைப் பின்னாசனத்திற் பொருத்துதலே நன்று. முன்னாசனத்திற் காற்றுப் பை உள்ள வண்டியில், பின்னோக்கிய ஆசனத்தை அதற்கு எதிரே வைப்பது பேராபத்து. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விரியும் அப்பை குழந்தையின் தலைக்குப் பின்னாலேயே அறையும். பொருத்திய ஆசனத்தைப் பட்டி செல்லும் இடத்திற் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓரங்குலத்துக்கு மேல் அசைந்தால் அது சரியாகப் பொருத்தப்படவில்லை. குழந்தையின் தோளிலுள்ள வாரை விரல்களாற் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு அகப்பட்டால் இன்னும் இறுக்குதல் வேண்டும். நுவரெலியாவுக்குப் போகின்றவர்கள் தடித்த குளிர்ச்சட்டையின்மேல் வாரைப் பூட்டாதீர்கள். மோதும்போது சட்டை அமுங்கி வார் தளர்ந்துவிடும். வாரைப் பூட்டிய பின் போர்வையை மேலே போர்த்துங்கள். ஆசனத்தை விட்டு வளர்ந்த பிள்ளைக்கு உயர்த்தும் பீடம் வேண்டும்; பெரியோருடைய பட்டி கழுத்தை அறுக்காது தோளிற் படியும் உயரம் வரும்வரை, அஃதாவது ஏறக்குறைய 135 முதல் 150 சென்ரிமீற்றர் வரை, அப்பீடத்தை விடலாகாது.

வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பழைய ஆசனத்தை ஏற்குமுன், அது விபத்தில் அகப்பட்டதா, அதில் அச்சிட்டிருக்கும் காலவெல்லை கடந்துவிட்டதா என்று கேளுங்கள். மோதலுக்குள்ளான ஆசனத்தின் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

இதைக் கேட்கும் பெரியோர் சிலர், "நாங்கள் பட்டியில்லாமலே வளர்ந்தோமே" என்பீர்கள். உண்மை. ஆனால் அவ்வாறு வளராமற் போனவர்கள் இன்று இங்கு வந்து சாட்சி சொல்ல இயலாதே! "விதி வந்தால் யார் தடுப்பது?" என்றும் கேட்பீர்கள். கிணற்றுக்குக் கட்டுச்சுவர் கட்டுகின்ற நாம், விதியை நம்பி அதைத் திறந்துவிடுவதில்லை. "குழந்தை அழுகின்றதே, கட்டிப் போடுவதா?" என்று அம்மம்மாமார் கேட்பீர்கள். அருகில் இருந்து அதன் கையைப் பிடியுங்கள்; பால் கொடுக்க வேண்டுமாயின் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். மடி என்றும் உங்களுடையதே. வண்டி நின்ற பிறகு அக்குழந்தை அங்கேதான் வந்து சேரும்.

ஒன்றை மறுக்க முடியாது. குழந்தை ஆசனத்தின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாதது. முச்சக்கர வண்டியிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் செல்வோருக்கு அது பயன்படாது. ஆதலால் இயலாதவரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. இயன்றதைக்கூடச் செய்யாதிருக்கின்றோமே என்பதுதான் என் கவலை. நம் வீட்டு வண்டிகள் பலவற்றின் பின்னாசனத்திற் பட்டி இருக்கின்றது. அழகுக்காகப் போட்ட ஆசன உறைக்குக் கீழே அது புதைந்து கிடக்கின்றது. அதை வெளியே எடுப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஆகவே மன்றத்துக்கு இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, மன்றத்தின் யாத்திரைக்கும் சுற்றுலாவுக்கும் வான் பிடிக்கும்போது, பட்டிகள் யாவும் பூட்டுகின்றனவா என்று பார்த்தே பிடித்தல் வேண்டும். ஆசனத்துக்கு ஒருவர் என்ற கணக்கை மீறலாகாது. இரண்டாவது, மன்ற நிதியில் இரண்டு மூன்று குழந்தை ஆசனங்களைப் புதிதாக வாங்கி, நூல்நிலையத்தில் நூல் கொடுப்பதுபோல், குழந்தை பிறந்த வீட்டுக்கும் தூரப் பயணம் செல்வோருக்கும் இரவல் கொடுத்தல் வேண்டும். யார் கொண்டு சென்றார், விபத்தேதும் நேர்ந்ததா என்பதற்கு ஒரு பதிவேடு போதும். அவற்றைச் சரியாகப் பொருத்துவதற்கு இளைஞர் நாம் பழகிக்கொண்டு, வேண்டியபோது வீட்டுக்கே சென்று பொருத்திக் கொடுப்போம். அப்பணிக்கு முதலாவதாக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.