பழைய ஸ்கேனரும் பெட்டியில் உள்ள பத்திரங்களும்



தோட்டக் குடும்பம் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி உண்டு. தகரப் பெட்டியாக இருக்கலாம். பழைய பிஸ்கட் டின்னாகவும் இருக்கலாம். தாத்தாவின் அடையாளக் கார்டு, நாம் 'சூராட் பெரானாக்' என்று சொல்லும் பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவுச் சான்று, பால்வெட்டுக் காலத்துப் புகைப்படம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். கரையான் அரித்தாலும் வெள்ளம் புகுந்தாலும், தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்ய நேர்ந்தாலும், முதலில் ஆபத்து இந்தப் பெட்டிக்குத்தான். பத்திரம் தொலைந்துவிட்டால் அதிலிருந்த பதிவு எண்ணும் தேதியும் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. அதனால் ஒரு பேரப்பிள்ளையின் குடியுரிமை விண்ணப்பமே தடைப்படலாம்.

ஆகவே, அவற்றை இப்போதே பிரதி எடுத்து வைப்பது நல்லது. அதற்கு உதவும் கருவிதான் கண்ணாடித் தட்டின் மேல் தாளை வைத்துப் படம் பிடிக்கும் ஸ்கேனர். 'கைத்தொலைபேசியில் எடுத்தால் போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். அவசரத்துக்குப் போதும். ஆனால் கைத்தொலைபேசியில் தாள் சாய்ந்து தெரியும், கையின் நிழல் விழும், புகைப்படம் பளபளக்கும். ஸ்கேனரோ தாளைச் சமமாக அழுத்தி, ஒரே சீரான ஒளியில் வரி வரியாகப் படிக்கிறது. மங்கிய முத்திரையும் அதில் தெளிவாக விழும்.

இப்படிப்பட்ட ஸ்கேனர்கள் பல, பரண்களில் தூசு படிந்து கிடக்கின்றன. 'புதுக் கம்ப்யூட்டருக்கு இது சேராது' என்று ஒதுக்கப்பட்டவை அவை. கண்ணாடி உடையவில்லை, விளக்கும் எரிகிறது. பிறகு எதுதான் கெட்டது?

கெட்டது கருவி அல்ல. இடையில் நின்று பேசும் ஆள் இல்லை, அவ்வளவுதான். துரை தம் மொழியில் உத்தரவிடுவார். மண்டோர் அதைத் தொழிலாளிக்குப் புரியும்படி சொல்லுவார். மண்டோர் வராத நாளில் துரையும் இருப்பார், தொழிலாளியும் இருப்பார், வேலை மட்டும் நடக்காது. கம்ப்யூட்டருக்கும் ஸ்கேனருக்கும் இடையே நிற்கும் இந்த மண்டோருக்குத்தான் 'டிரைவர்' என்று பெயர். லோரி ஓட்டும் டிரைவர் அல்ல. இது ஒரு சிறு நிரல்.

வழக்கமாக இந்த நிரலைக் கருவி செய்த நிறுவனமே தரும். அதன் உள்ளடக்கம் நமக்குத் தெரியாது. நிறுவனம் பழைய மாடலைக் கைவிட்டால், நல்ல கருவியும் குப்பைக்குப் போகும். இதற்கு மாற்று வழி திறந்த மூல நிரல். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன், ஒரு பிரிண்டரின் நிரலைத் திருத்த விரும்பியபோது அதன் மூலம் அவருக்கு மறுக்கப்பட்டது. அந்த அனுபவமும் சேர்ந்தே அவரை 1983-ஆம் ஆண்டில் 'குனு' திட்டத்தை அறிவிக்கத் தூண்டியது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்த இயங்குதளம் இன்று இலவசமாகக் கிடைக்கிறது. உபுண்டு, மின்ட் என்பவை அதன் வகைகள்.

லினக்ஸில் ஸ்கேனருக்கான மண்டோர்களை ஒரே குடையின் கீழ் திரட்டியிருக்கும் திட்டத்தின் பெயர் 'சேன்'. ஒவ்வொரு வகை ஸ்கேனருக்கும் அதில் தனித்தனி டிரைவர் உண்டு. உதாரணமாக, கேனன் லைட் 25 மாடலைப் 'பிளஸ்டெக்' என்ற டிரைவரும், லைட் 110 மாடலை 'ஜெனிசிஸ்' என்ற டிரைவரும் கவனிக்கின்றன.

இனி செய்முறையைச் சொல்கிறேன். வீட்டில் கம்ப்யூட்டர் பழகிய பிள்ளையை அருகில் அழைத்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலாவது, ஸ்கேனரின் அடியில் ஒட்டியுள்ள மாடல் பெயரைக் குறித்து, சேன் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் தேடுங்கள். ஆதரவு இல்லை என்றிருந்தால் வீணாகப் பாடுபட வேண்டாம். பழைய ஸ்கேனரைக் காசு கொடுத்து வாங்குவோர், வாங்கும் முன்பே இதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கருவியின் அடியில் பூட்டு விசை இருக்கிறதா என்று பாருங்கள். பயணத்தில் உள்ளே ஆடாமல் இருக்க வைத்த பூட்டு அது. அதைத் திறக்காமல் எந்த டிரைவரைப் போட்டும் பயனில்லை. பிறகு கம்பியை நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். சில ஸ்கேனர்கள் அந்த யூ.எஸ்.பி. கம்பி வழியாகவே மின்சாரத்தையும் பெறுகின்றன.

மூன்றாவது, முனையத் திரையைத் திறந்து 'ஸ்கேன்இமேஜ்' என்ற சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும், அதை ஒட்டியே பெரிய எழுத்து 'எல்'லும் அடியுங்கள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று திரை சொன்னால், 'சேன் யூட்டில்ஸ்' என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். ஸ்கேனரின் பெயர் திரையில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

பெயர் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். நிர்வாகி உரிமையோடு அடித்துப் பாருங்கள். அப்போது மட்டும் வந்தால், குறை அனுமதியில்தான். உங்கள் பயனர் பெயரை 'ஸ்கேனர்' என்ற குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். எப்சன் பெர்ஃபெக்ஷன் 2480 போன்ற சில மாடல்களுக்கு இன்னொரு கோப்பும் தேவை. கருவி விழித்தெழ உதவும் அந்தக் கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தமானது, சேனுடன் வராது. ஸ்கேனருடன் வந்த குறுந்தட்டிலிருந்து அதை எடுத்து, அது இருக்கும் இடத்தை டிரைவரின் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும்.

நான்காவது, 'டாக்குமென்ட் ஸ்கேனர்' என்ற எளிய செயலியைத் திறந்து பிரதி எடுங்கள். பத்திரங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். சிறிய புகைப்படங்களுக்கு 600 வையுங்கள். மடிப்பு விட்ட தாளை இழுத்து நிமிர்த்தாதீர்கள், மெல்ல வையுங்கள். பின்பக்கத்தையும் மறவாமல் எடுங்கள். சில வேளைகளில் முத்திரையும் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

எடுத்த பிரதிக்குப் பெயரும் ஆண்டும் இட்டு, இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று வீட்டில், மற்றொன்று வேறூரில் உள்ள பிள்ளையிடம். கண்ட குழுக்களில் அனுப்பிவிடாதீர்கள். அடையாளக் கார்டு அந்நியர் கைக்குப் போகக் கூடாது. அசல் பத்திரத்தையும் எறிந்துவிடாதீர்கள். பிரதி அசலுக்கு ஈடாகாது. ஆயினும் அசல் தொலைந்த நாளில், பதிவு இலாகாவின் முகப்பில் எண்ணையும் தேதியையும் சரியாகச் சொல்ல அது கைகொடுக்கும்.

நேயர்களே, நம் முன்னோர் இந்த மண்ணில் பிறந்தார்கள், உழைத்தார்கள் என்பதற்குப் பல குடும்பங்களில் அந்தத் தாள்களே சாட்சி. அந்தச் சாட்சியைக் காக்கப் புதிய கருவி வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பரணில் கிடக்கும் ஸ்கேனரைத் துடைத்து எடுங்கள். இந்தப் பள்ளி விடுமுறையிலேயே, வீட்டுப் பெரியவர்கள் அருகில் அமர்ந்து ஒவ்வொரு தாளின் கதையையும் சொல்ல, பிள்ளைகள் பிரதி எடுக்கட்டும்.