கோடு கிழிச்சவங்க இவங்களைக் கேட்கலை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்று பேசியே நம் கூட்டம் முடிந்துவிடுகிறது. இன்றைக்குக் கொஞ்சம் சரித்திரம் பேசுவோம். 1947-இல் நாடு இரண்டாகப் பிரிந்தது நமக்குத் தெரியும். இந்து, முஸ்லிம் சண்டை என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தாங்க. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட சனங்க என்ன ஆனாங்க என்று நாம் கேட்டதே இல்லை.

கிழக்கு வங்காளத்தில் நாமசூத்திரர் என்று ஒரு சமுதாயம். சதுப்பு நிலத்தைத் திருத்தி நெல் விளைய வைத்தவங்க, மீன் பிடித்தவங்க, படகு ஓட்டினவங்க. மேல்சாதிக்காரங்க இவங்களைச் சண்டாளர் என்றாங்க. வெள்ளைக்காரன் எடுத்த மக்கள்தொகைக் கணக்கிலும் அதே பேரு ஏறிடுச்சு. மனுவுக்கு மேல் மனு போட்டு, 1911 கணக்கெடுப்பில்தான் நாமசூத்திரர் என்று மாத்த முடிந்தது. குருசந்த் தாகூர் என்ற பெரியவர் இவங்க பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வரப் பாடுபட்டார்.

1946-இல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்குப் போனது எங்கிருந்து தெரியுமா? சொந்த மாகாணமான பம்பாயிலிருந்து இல்லை, வங்காளத்திலிருந்து. அதற்கு முன்னால் நின்று பாடுபட்டவர் ஜோகேந்திரநாத் மண்டல் என்ற நாமசூத்திரத் தலைவர்.

எல்லைக்கோடு போட லண்டனிலிருந்து ராட்கிளிஃப் என்ற வக்கீல் வந்தார். அதுவரை இந்தியாவையே பார்க்காதவர். அவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம்தான். நம்ம ஊரில் ஒரு வரப்புத் தகராறு தீரவே அதைவிட நாள் ஆகும்! கோடு எங்கே என்று ஆகஸ்ட் 17-ஆம் தேதிதான் வெளியே சொன்னாங்க. குல்னாவில் 15-ஆம் தேதி இந்தியக் கொடி ஏற்றிய சனங்க, இரண்டு நாள் கழித்துத் தாங்கள் பாகிஸ்தானில் இருப்பதைத் தெரிந்துகொண்டாங்க.

முஸ்லிம் குடியானவனும் நம்மைப் போல ஏழைதானே என்று நம்பி மண்டல் அங்கேயே இருந்தார். பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர் அவர்தான். இங்கே முதல் சட்ட அமைச்சர் அம்பேத்கர். ஆனால் 1950 கலவரத்துக்குப் பிறகு மண்டல் பதவியை விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு வந்துவிட்டார்.

கராச்சியில் நடந்தது இன்னொரு கொடுமை. இந்தியாவுக்குக் கிளம்பின துப்புரவுத் தொழிலாளர்களை, அத்தியாவசிய வேலை என்று சட்டம் காட்டி நிறுத்தி வைத்தாங்க. அப்போது அங்கே இந்தியத் தூதராக இருந்தவர் ஸ்ரீபிரகாசா. பின்னாளில் சென்னை ராஜ்யத்துக்கு கவர்னராக வந்தவர். ஏன் விட மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டதற்கு, இவங்க போய்விட்டால் தெருவையும் கக்கூஸையும் யார் கழுவுவது என்று பிரதமர் லியாகத் அலி கான் திருப்பிக் கேட்டதாக அவர் எழுதியிருக்கிறார். இங்கே இருந்தவங்களும் இதே வேலையைத்தான் அவங்க தலையில் கட்டினாங்க. அதையும் சேர்த்தே பார்க்கணும்.

வந்து சேர்ந்தவங்க கதை என்ன? வசதியுள்ளவங்க முதலிலேயே வந்து கல்கத்தாவில் இடம் பிடித்தாங்க. பின்னால் வந்த நாமசூத்திர ஏழைகளை முகாமில் போட்டு, 1958-இல் தொடங்கின திட்டத்தில் தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பினாங்க. ஆற்றங்கரை சனத்துக்குக் கல்லுக்காடு. அதுவும் அங்கே வாழ்ந்த பழங்குடிகளோட பூமி. தாங்க முடியாமல் 1978-இல் ஆயிரக்கணக்கானவங்க திரும்பி வந்து, சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்ற தீவில் குடிசை போட்டாங்க. காட்டு நிலம் என்று சொல்லி, 1979 ஜனவரியில் மேற்கு வங்க அரசு போலீஸ் படகுகளால் தீவை வளைத்தது. குடிதண்ணீருக்கும் அரிசிக்கும் பக்கத்துத் தீவுக்குத்தான் போகணும், அந்த வழியை மறித்தாங்க. துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதம் எல்லாரையும் காலி செய்துட்டாங்க. எத்தனை உயிர் போச்சு என்பதில் இன்றுவரை அரசு சொல்லும் கணக்கு ஒன்று, சனங்க சொல்லும் கணக்கு ஒன்று.

பட்டியல் சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நாமசூத்திரர் மேற்கு வங்கத்தில் அந்தப் பட்டியலில் உண்டு, மகாராஷ்டிரப் பட்டியலில் இல்லை. கட்சிரோலியில் குடியேற்றப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு, கல்கத்தாவில் இருக்கும் பெரியப்பா பிள்ளைக்குக் கிடைக்கும் சான்றிதழ் கிடைக்காது.

நம் குழுக்களிலும் பெங்களூருக்கும் திருப்பதிக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் உண்டு. இங்கே வாங்கின சாதிச் சான்றிதழை வைத்து அங்கே மாநில அரசு வேலையில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது. அப்படிப்பட்ட குடும்பங்கள் இருந்தால் விவரத்தை ஊக்குநரிடம் எழுதிக் கொடுங்க. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருவாய்த் துறையிலிருந்து ஒருவரை வரச் சொல்லித் தீர்மானம் போடுவோம்.