கொடியிடை என்னும் திருப்பெயர்



திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள அம்மையின் பெயர் கொடியிடை நாயகி. வெள்ளிக்கிழமையும் முழுநிலவும் கூடும் நாளில், காலையில் மேலூரில் திருவுடை நாயகியையும், நண்பகலில் திருவொற்றியூரில் வடிவுடை நாயகியையும், மாலையில் இங்குக் கொடியிடை நாயகியையும் வழிபடுவது இப்பகுதி மக்களின் வழக்கம்.

மூன்று பெயர்களையும் அடுத்தடுத்துச் சொல்லும்போது நா சற்றே வழுக்கிவிடுகிறது. திருவுடை, வடிவுடை என்று வந்த வேகத்தில் மூன்றாவதையும் 'கொடியுடை' என்பார் பலர். அச்சிலும் அவ்வாறு ஏறிவிடுவதுண்டு. முதலிரண்டில் உள்ளது 'உடை', உடைமையைக் குறிப்பது. மூன்றாவதில் இருப்பதோ 'இடை'. கொடி போலும் இடை என விரிக்குங்கால் அஃது உவமைத்தொகை. அத்தகைய இடையினை உடையவளைச் சுட்டி நிற்குங்கால் அன்மொழித்தொகை. 'கொடியுடை' என்றால் கொடியை உடையவள் என்றாகிவிடும். அது வேறு பெயர். வடமொழியில் லதாமத்யாம்பாள் என மொழிபெயர்த்தோர் இப்பிழை செய்யவில்லை. 'மத்ய' என்று இடையைக் காத்தனர்.

பெண்ணின் இடையைக் கொடிக்கு ஒப்பிடுவது புலவர் மரபு. கொடி மெலிந்தது, துவள்வது, கொழுகொம்பின்றி நில்லாதது. ஆகவே இப்பெயர் பெண்ணின் மென்மையை மட்டுமே சொல்கிறது என்று இக்காலத்தார் சிலர் ஒதுக்குகின்றனர். பிற ஊர்களில் அவ்வாதம் நிற்கலாம். முல்லைவாயிலில் நில்லாது. தொண்டைமானின் யானைக் கால்களில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. அதனை அவன் வாளால் வெட்ட, உள்ளிருந்த இலிங்கத்தில் குருதி வெளிப்பட்டது என்பது தலவரலாறு. சுந்தரரும் இவ்வூர்ப் பதிகத்தில் இந்நிகழ்ச்சியைக் குறிக்கிறார். அவர் வாக்கில், களிற்றைக் கொடியால் கட்டியவன் இறைவனே. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றும் தமிழுலகம், முல்லையின்மீது வாளோச்சிய மன்னனையும் மறக்கவில்லை!

அம்மையின் பெயர் அழகு கருதி எழுந்ததே. ஆயினும் போர்க்களிற்றைத் தடுத்து நிறுத்திய கொடி படர்ந்த ஊரில், அப்பெயரின் முற்பகுதியை மெலிவு என்று மட்டும் பொருள்கொள்வது எங்ஙனம்?

பெண்மக்களுக்குப் பெயரிடுங்கால் நம்மவர் 'இடை'யைக் கூசி விடுத்தனர், கொடியை விடவில்லை. பூங்கொடி, மலர்க்கொடி, முல்லைக்கொடி என்பன அவ்வாறு நின்றவை. 'லதா'வும் அவ்வாறே வீடுகளுக்குள் நுழைந்தது. வடிவுடை நாயகியின் பெயரோ 'வடிவு' எனச் சுருங்கிப் பாட்டிமார் பெயராயிற்று. இராமலிங்க அடிகள் வடிவுடை மாணிக்க மாலை பாடியது அந்த அம்மையைத்தான்.